வெட்டிய தாளும் விட்ட இடமும்

வடிவமைப்புக் கலையைப் பயிலப் புகுவோர்க்குத் தொடக்கத்தில் தரப்பெறும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. அதற்கு வேண்டுவன மிகச் சிலவே: ஒரு வெள்ளைத் தாள், சிறிது கறுப்புத் தாள், கத்தரிக்கோல், பசை. கறுப்புத் தாளில் ஒரே அளவான நான்கு சதுரங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை வெள்ளைத் தாளின்மீது வைத்து, அமைதி தோன்ற ஓர் அமைப்பும், நெருக்கடி தோன்ற ஓர் அமைப்பும், தனிமை தோன்ற மற்றோர் அமைப்பும் செய்து காட்ட வேண்டும். கோடு வரைதல் கூடாது; வண்ணம் சேர்த்தலும் கூடாது. சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும் இப்பயிற்சி, பழமையான அறவினா ஒன்றைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

நான்கு சதுரங்களையும் தாளின் கீழ்விளிம்பை ஒட்டி வரிசையாக வைத்தால், அவை நிலத்தில் ஊன்றிய கற்களாகின்றன. ஒன்றை மேலே தூக்கிச் சற்றே சாய்த்து வைத்தால், அது விழப்போகும் பொருளாகி நம்மைப் பதறச் செய்கிறது. மூன்றை ஒரு மூலையில் சேர்த்து, நான்காவதை எதிர்மூலையில் தனியே விட்டால், அது புறக்கணிக்கப்பட்ட மனிதனைப் போல நம் நெஞ்சைத் தொடுகிறது. சதுரம் மாறவில்லை, மாறியது இடமே. அங்ஙனமாயின், ஒரு பொருளின் மதிப்பு அதனுள்ளேயே இருக்கிறதா? அன்றி, அது நிற்கும் இடத்தால் வந்து சேர்கிறதா?

இடத்தின் ஆற்றலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வள்ளுவர் இடனறிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, நீரில் வெல்லும் முதலை கரையில் தோற்பதையும், தேர் கடலில் ஓடாமையையும், கப்பல் நிலத்தில் ஓடாமையையும் எடுத்துக் காட்டினார். அவர் கூறியது செயல் புரிவோன் தனக்குரிய களத்தைத் தானே தேர்ந்து கொள்ளும் அறிவைப் பற்றியதாகும். ஆனால் பிறனுக்குரிய இடத்தை நாம் குறித்துக் கொடுக்கப் புகும்போது அறம் தடுமாறத் தொடங்குகிறது.

‘அவரவர் இடத்தில் அவரவர் இருப்பதே ஒழுங்கு’ என்னும் கூற்றைக் கேளாதார் நம்மிடையே இல்லை. அழகான அமைப்பின் இலக்கணம் போல ஒலிக்கும் இக்கூற்று, எத்தனை தலைமுறைகளை ஊருக்குப் புறத்தே நிறுத்தி வைத்தது! வைக்கத்தில் 1924, 1925ஆம் ஆண்டுகளில் நடந்த அறப்போர், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே நிகழ்ந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம், தன் 17ஆம் பிரிவினால் தீண்டாமையை ஒழித்தது. மதிப்பு முழுவதும் இடத்தால் வருவதே என்று நாம் ஒப்புக்கொண்டால், இடம் மறுக்கப்பட்டவனுக்கு மதிப்பே இல்லை என்றாகிவிடும். இதனை எவ்வாறு ஏற்பது?

இவ்வினாவிற்கு விடை கூறவும் அந்தத் தாள்துண்டுகளே துணை செய்கின்றன. பயிற்சியை மீண்டும் உற்று நோக்குவோம். எந்தச் சதுரமும் இன்ன மூலைக்கெனப் பிறக்கவில்லை. மாணவன் ஒவ்வொன்றையும் பத்து முறை, இருபது முறை நகர்த்திப் பார்க்கிறான், தள்ளி நின்று நோக்குகிறான், மீண்டும் நகர்த்துகிறான். பசை தடவுவது இறுதிச் செயல். நம் சமுதாயமோ முதலிலேயே பசையைத் தடவிவிட்டு, அதன்பின் அமைப்பின் அழகைப் பற்றிப் பேசியது. அதனை ஒழுங்கு என்பதைவிட அவசரம் என்பதே பொருந்தும்.

மற்றொன்றும் உண்டு. பயில்வோர் முதலில் கறுப்புத் துண்டுகளை மட்டுமே காண்கின்றனர். பழகப் பழக, துண்டுகளுக்கு இடையே எஞ்சி நிற்கும் வெண்மையும் ஒரு வடிவமே என்பது அவர்களுக்குப் புலனாகிறது. ஒரு சதுரத்தை நகர்த்தினால் அதனைச் சூழ்ந்த வெண்மையின் உருவமும் மாறுகிறது. ஒன்றுமில்லை என்று நாம் கருதியது, படம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. வீட்டிலும் நாட்டிலும் கண்ணில் படாமல் உழைப்போரை எண்ணிப் பார்ப்பார்க்கு இதன் பொருள் விளங்கும்.

எனினும் உவமை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. தாள்துண்டு தன்னை வைத்த இடத்திலேயே கிடக்கும், மனிதன் கிடக்கமாட்டான். இதற்குச் சான்றாகச் சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியைக் கூறலாம். 1904இல் பிறந்த அவர் இளமை முதலே பார்வைக் குறை உடையவர். எனினும் 1946–47இல் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வைப் பெருஞ்சித்திரமாகத் தீட்டினார். ஐம்பது வயதைக் கடந்தபின் பார்வையை முற்றிலும் இழந்தார். பார்வையற்றவனுக்கு ஓவியக்கூடத்தில் இடமில்லை என்றே உலகம் கூறும். அவரோ தாளை வெட்டி, விரலால் வடிவறிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஓவியங்களைப் படைத்தார். 1972இல் கலாபவனத்துச் சுவர் ஒன்றில் பீங்கான் ஓடுகளால் பெருஞ்சித்திரமும் அமைத்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றிக் குறும்படம் எடுத்தார். வெளியுலகம் அளித்த இடம் பறிபோன பின்னும், உள்ளிருந்த மதிப்பு தனக்கொரு புதிய இடத்தை ஆக்கிக் கொண்டது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவாகும். மதிப்பு பொருளினுடையது, அதனை வெளிப்படுத்துவதும் மறைப்பதும் இடத்தின் செயல். இடத்தை ஒதுக்கும் பொறுப்பு நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு வகையில் வந்து சேர்கிறது: பெற்றோராக, ஆசிரியராக, அலுவலகத் தலைவராக, சங்கம் நடத்துவோராக. ஒருவன் மூலையில் ஒடுங்கி நிற்கக் கண்டால், அவன் இயல்பே அவ்வளவுதான் எனத் தீர்ப்புக் கூறுமுன், அவனை வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும். அவன் தானே நகர விரும்பும்போது வழிவிடவும் வேண்டும். பசையை எடுக்கும் கைக்கு அந்தப் பொறுமையேனும் வாய்க்கட்டும்.