‘அபராஜிதோ’: விட்டுப் போனவன் பட்ட கடன்

சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’வை (1956) முதன்முதலாகப் பார்த்தது எம்.ஏ. தமிழ் படிக்கும்போது, விடுதி நண்பர்களோடு, ஒரு வாசகர் வட்டத் திரையிடலில். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். படம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, இது சாதி மதம் கடந்து உலகத் தாய்மார் எல்லாருக்குமான கதை என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்குத் தட்டின கைதான் இன்றைக்கு இதை எழுத வைக்கிறது.

‘பதேர் பாஞ்சாலி’யின் தொடர்ச்சி இது. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் கடைசிப் பகுதியையும் ‘அபராஜிதோ’ நாவலின் முதல் பகுதியையும் இணைத்து ரே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். காசிப் படித்துறையில் புராணம் வாசித்துப் பிழைக்கும் ஹரிஹர் செத்துப்போகிறார். மனைவி சர்பஜயா ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறாள். பிறகு மகன் அபுவோடு வங்காளத்துக் கிராமம் ஒன்றுக்கு. அங்கே அபு பள்ளிக்கூடம் போகிறான், படிக்கிறான், மாதம் 10 ரூபாய் உதவித்தொகையில் கல்கத்தாவுக்குக் கல்லூரி போகிறான். அம்மா தனியாகக் கிடந்து சாகிறாள். அவ்வளவுதான் கதை.

இதில் கேள்வி எங்கே வருகிறது? படிக்கப் போன பிள்ளை, பெற்றவளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்பதில். தன் நோயை அவள் மகனுக்கு எழுதவிடவில்லை. பரீட்சை இருக்கிறது, வரமுடியாது என்று அவன் எழுதுகிறான். யார் மேல் தப்பு? ரே யார் மேலும் போடவில்லை. லீவு முடிந்து ஸ்டேஷனுக்குப் போனவன் ரயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு, தவறிப்போச்சு என்று பொய் சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறான் இல்லையா, அந்த ஒரு நாளை அம்மாவுக்குக் கொடுக்கிறான். அதற்குமேல் அவனால் முடியாது.

நாவலில் ரேயை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. அம்மா செத்த சேதி கேட்டதும் அபுவுக்கு முதலில் வருவது துக்கமல்ல, கட்டு அறுந்த மாதிரி ஒரு விடுதலை உணர்ச்சி. இதை எழுத ஒரு நேர்மை வேண்டும். படத்திலும் அந்த விலகல் இருக்கிறது. அதனால்தான் கல்கத்தாவில் படம் ஓடவில்லை. அம்மாவை விட்டு விலகுகிற மகனை அவர்களால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. 1957ல் வெனிஸில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது வேறு கதை.

இதுவரைக்கும் எனக்குச் சண்டை இல்லை. ‘எல்லாருக்குமான கதை’ என்கிற இடத்தில்தான் சண்டை.

காசியில் ஒரு காட்சி. வேலை செய்கிற வீட்டுக்காரர்களோடு வெளியூர் போவதா, கூப்பிட வந்த உறவுக்காரப் பெரியவர் பவதாரணோடு ஊருக்குப் போவதா என்று சர்பஜயா குழம்பி நிற்கிறாள். படியிறங்கும்போது பார்க்கிறாள்: எஜமானுக்கு அபு ஹூக்கா கொண்டுபோகிறான். முகம் மாறுகிறது. அடுத்து ரயில் ஓடுகிறது. ஒரு வார்த்தை இல்லை. சினிமா தெரிந்தவர்கள் சிலாகிக்கிற இடம். சிலாகிக்க வேண்டிய இடமும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மகன் வேலைக்காரப் பயலாகிவிடுவான் என்று கண்ட அந்த நிமிடமே கிளம்பிப் போக அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே வீடு இருந்தது. பையனுக்குக் காத்திருந்த புரோகிதத் தொழில் இருந்தது. அது அவள் சம்பாதித்தது அல்ல, பிறப்பு கொடுத்தது. அடுத்தவன் வீட்டில் கைவேலை செய்கிற பிள்ளையைப் பார்க்கிற எங்கள் தாய்மாருக்கு எந்த ரயில், எந்தப் பெரியவர்?

அபு புரோகிதத்தை விடுகிற இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் காலையில் பூசை, அப்புறம் பள்ளிக்கூடம். பிறகு கல்கத்தா போகிறேன், பூசாரி வேலை எனக்கு வேண்டாம் என்கிறான். அம்மா ஓர் அறை விடுகிறாள். பிறகு அவளே சேர்த்து வைத்த காசை எடுத்துக் கொடுக்கிறாள். குலத்தொழிலை விட்டதற்கு அபு கொடுத்த விலை அந்த ஓர் அறைதான். ஊர் கூடி அவனை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடக் கதவு அவனுக்குத் திறந்தே கிடந்தது. தலைமையாசிரியர் புத்தகங்களை எடுத்துக் கையில் கொடுக்கிறார். அதே வங்காளத்தில் நாமசூத்திரப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இல்லை என்பதால்தான் குருசந்த் தாக்கூர் 1880ல் ஒராகாந்தியில் தாங்களாகவே ஒரு பள்ளியைத் தொடங்க வேண்டி வந்தது. அபுவின் கையில் இருக்கிற உலக உருண்டைக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்க்காத வாசிப்பு அரைகுறை வாசிப்பு. (ஆப்பிரிக்காவைப் பற்றிப் படித்துவிட்டு அபு ஈட்டியும் கையுமாய் வேஷம் கட்டி ஓடுவானே, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

படத்தைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. ரே தனக்குத் தெரிந்த வீட்டுக்குள் நின்று உண்மையாகப் பார்த்தார். அந்த வீட்டையே உலகம் என்று எழுந்து சொன்னவர் எங்கள் பேராசிரியர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மடிக்கணினியில் அம்மாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். ஹூக்கா காட்சியில், “இதுக்கா அந்தப் பொம்பள மூஞ்சி அப்பிடிப் போச்சு?” என்றாள். அறை விழுந்த இடத்தில் சிரித்தாள். சர்பஜயா மரத்தடியில் சாய்ந்து, ரயில் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருக்கிற இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

எங்க தாத்தா தப்படித்தவர். அப்பாவும் அடித்தார். நான் காலேஜில் சேர்ந்த 2006ல், ஊருக்குள் ஒரு பெரிய சாவு விழுந்தபோது, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று அப்பா சொல்லிவிட்டார். பேசி சமாதானமாகிவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். விடுதிக்கு மாசா மாசம் பணம் வந்தது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகிறபோதெல்லாம் மூன்றாம் நாளே பஸ் பிடித்துவிடுவேன். அபுவாவது ஒரு ரயிலை விட்டான்.

படம் முடிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

“அந்த வருசம் நம்மள யாருமே வேலைக்குக் கூப்பிடலய்யா. ரெண்டு ஊரு தாண்டி நடந்துபோயி களை எடுத்தேன். கால் வீங்கிக் கெடந்தேன் பத்து நாளு.”

“எனக்கு ஏம்மா சொல்லல?”

“சொன்னா வந்திருப்ப.”

“வந்தா என்ன?”

“வந்தா, ஒன்னையத் தப்பத் தூக்கச் சொல்லியிருப்பான்ல.”

சர்பஜயா மகனுக்கு எழுதாமல் இருந்தது அவன் பரீட்சை கெட்டுவிடுமே என்று. படத்தில் அபு கடைசியில், சடங்கைக் காளிகாட்டில் செய்துகொள்கிறேன் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்கிறான். முதல் முறை பார்த்தபோது நான் அழுதது இந்த இடத்தில்தான். அம்மா இந்த இடத்தில் அழவில்லை. அந்த வீட்டை இனி யார் பார்த்துக்குவா என்று கேட்டாள். பெரியவர் இருக்கிறாரே என்றேன். “அப்ப சரி” என்று எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.