ஊதியமா? பதவியா?

பிழைப்பை நாடி வெளியூர் சென்றவர்கள் பெருமாளின் உத்ஸவத்துக்கென ஊர் திரும்பும்போது, தம் கவலைகளையும் உடன் கொண்டு வருகின்றனர். அவற்றுள் ஒன்று இது: ஓரிடத்தில் ஊதியம் மிகுதி, பதவி சிறியது, மற்றோரிடத்தில் பதவி பெரியது, ஊதியம் குறைவு. இரண்டில் எதை ஏற்பது? காவிரிக் கரையில் நிலமே வாழ்வாக இருந்தவரை இக்கேள்வி பெரும்பாலோர்க்கு எழவில்லை. உத்தியோகமே வாழ்வான பின்னர் வீட்டுக்கு வீடு எழுகிறது. “நாலு பேர் மதிக்கும் பதவியை விடாதே” என்பார் தந்தை. “வாங்கிய கடன் அடைய வேண்டாமா?” என்பாள் தாய். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆதலால்தான் முடிவு செய்வது அரிதாகிறது.

பொருளை நாடுவது பக்திக்கு இழுக்கு என எண்ணுவோர் உளர். அது சரியன்று. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த சாஸனம், அங்குப் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். நட்டுவம் செய்தோர்க்கு இரண்டு பங்கு. இறைவன் திருமுன் செய்யும் பணியே ஆயினும், பணி செய்பவரின் அடுப்பும் எரிய வேண்டும் என்பதை அக்கல்வெட்டு ஒளிவு மறைவின்றி அறிவிக்கிறது. இல்லறத்தான் தன் குடும்பத்துக்காக மிகுந்த ஊதியத்தை விரும்பினால் அது பேராசை ஆகாது.

அவ்வாறே, பதவியை விரும்புவதும் வெறும் செருக்கன்று. உயர்ந்த இடத்தில் இருப்பவனுக்கே அநீதியைத் தடுக்கவும், தகுதியுள்ளவனைக் கைதூக்கி விடவும் வாய்ப்பு மிகுதி. ஆனால் பதவியின் ஆயுள் நம் கையில் இல்லை. தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் கர்ணத்துக்குச் சம்பளம் சொற்பமே. எனினும் நிலக்கணக்கு அவர் கையில் இருந்தமையால் ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு பெரிது. 1980 நவம்பரில் தமிழக அரசு அப்பதவியையும் மணியக்காரர் பதவியையும் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். நாற்காலிக்குக் கிடைத்த வணக்கம் நாற்காலியோடு போயிற்று. நேர்மையாகக் கணக்கெழுதியவருக்குக் கிடைத்த வணக்கமோ அவர் வாழ்ந்தவரை நின்றது. இக்காலத்தில் ஊதியத்தை உயர்த்த மனமின்றிப் பதவியின் பெயரை மட்டும் நீட்டித் தரும் நிர்வாகங்களும் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஊதியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் மிகுந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது. வடிகால் இல்லாத வயலில் தேங்கிய நீர் பயிரை அழுகச் செய்யும் என்பதைக் கடைமடை உழவர் நன்கறிவர். வரவு ஏறுமளவுக்குத் தேவையும் ஏறுமாயின், கூடுதல் ஊதியத்தால் நிறைவு வாராது.

ஆகவே, எது மிகுதி என்பதை மட்டும் நோக்கினால் விடை கிடைக்காது. எது எதற்காக என்று கேட்டல் வேண்டும். இதற்கு ஸ்ரீமத் ராமாயணம் ஒரு வழி காட்டுகிறது. பட்டாபிஷேகத்துக்குப் பின் சக்கரவர்த்தித் திருமகன் இளவரசுப் பட்டத்தை ஏற்குமாறு இலக்குவனைப் பலவாறு வேண்டுகிறான். இலக்குவன் இசையவில்லை. பின்னர் அப்பட்டம் பரதனுக்குச் சூட்டப்படுகிறது. பரதனோ முன்பு அரசையே மறுத்து, திருவடிநிலைகளை அரியணையில் வைத்து, 14 ஆண்டுகள் நந்திக்கிராமத்திலிருந்து நாட்டைக் காத்தவன். பட்டத்தில் ஆசையில்லாத இருவருள் ஒருவன் ஏற்றான், ஒருவன் மறுத்தான். இருவரையும் உலகம் போற்றுகிறது. ஏனெனில், இருவரும் தம் பெருமையை எண்ணவில்லை. அருகிருந்து அடிமை செய்வதே இலக்குவனுக்கு உகந்த தொண்டு. நாட்டைத் தாங்குவது பரதனுக்கு வாய்த்த தொண்டு. பட்டம் தொண்டுக்குத் துணையாகுமானால் ஏற்கலாம். இடையூறாகுமானால் விடலாம் என்பதே இதனால் பெறப்படும் நெறி.

இந்நெறிக்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 1869-இல் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக நற்பெயர் பெற்றவர். 1907-இல் அப்பதவியை விட்டு, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்தார். அச்சங்கத்தார் தமக்கெனப் பொருளீட்டுவதில்லை என்று விரதம் பூண்டு, சங்கம் அளிக்கும் சிறு தொகையில் வாழ்பவர்கள். ஊதியமும் குறைந்தது, பதவியும் குறைந்தது. தொண்டு மட்டும் பெருகிற்று. 1928-இல் அரசு அளிக்க முன்வந்த ‘ஸர்’ பட்டத்தை அவர் ஏற்கவில்லை. எல்லாப் பட்டங்களையும் வெறுத்தவர் என்றும் சொல்வதற்கில்லை. 1921-இல் பிரிவி கவுன்சில் உறுப்பினர் ஆனார். 1935-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பையும் ஏற்றார். 1944-இல், முதுமையில், சென்னையில் ராமாயணத்தைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். பட்டத்தை மறுத்த இலக்குவனையும், மறுத்துப் பின் ஏற்ற பரதனையும் பேச உரிமை பெற்ற வாழ்வு அது.

எனினும், சாஸ்திரியார் செய்ததை எல்லோரும் செய்தல் வேண்டும் என்பதில்லை. அடையாத கடனும், மருந்துக்குக் காத்திருக்கும் பெற்றோரும், படிக்கும் பிள்ளைகளும் உள்ளவன் சிறிய பதவியில் மிகுந்த ஊதியம் பெறுவதே அறம். அதில் நாணம் வேண்டா. குடும்பம் நிறைவோடு இருக்குமாயின், பிறர்க்குப் பயன்பட இடம் தரும் பதவியைக் குறைந்த ஊதியத்துக்கும் ஏற்கலாம். முதிய தாய் தந்தையரை விட்டுப் பிரிய மனமின்றி, பதவி உயர்வை மறுத்து எழுத்தராகவே ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் உண்டு. அவர்கள் தோற்றவர் அல்லர். பலர் அறிய அட்டையில் அச்சிடுவதற்கு மட்டும் பயன்படும் பதவிக்காகக் குழந்தையின் உணவைக் குறைப்பதே தவறு. பொய்க் கணக்கில் கையெழுத்திடச் சொல்லும் இடமாயின், அங்கு ஊதியமும் வேண்டா, பதவியும் வேண்டா.

தஞ்சையில் வைகாசித் திங்கள் நிகழும் கருட ஸேவையில், இருபதுக்கும் மேற்பட்ட பெருமாள்கள் கருட வாஹனத்தில் ராஜ வீதிகளில் எழுந்தருள்வதைக் கண்டு களித்தோர் பலர். எம்பெருமானைச் சுமக்கும் கருடனுக்கு நம் ஸம்ப்ரதாயம் வழங்கிய பட்டம் ‘பெரிய திருவடி’ என்பது. அநுமனுக்குச் ‘சிறிய திருவடி’ என்பது. பெருமாளைத் தோளில் சுமந்து வருவோரும் ஸ்ரீபாதம் தாங்குவோர் என்றே பெயர் பெறுகின்றனர். தலைமையைக் குறிக்கும் சொல் ஒன்றையும் தேடாமல், திருவடியின் பெயரையே மிகப் பெரிய பட்டமாகவும், கைங்கர்யத்தையே குறையாத செல்வமாகவும் பெரியோர் வைத்தனர். வீதியில் நின்று அத்திருவடிகளை ஸேவிக்கும் அன்பர்கள், உத்ஸவம் முடிந்து பணியிடம் திரும்புகையில், எவ்விடத்தில் தம் தொண்டு நிறைவேறும் என்று தெளியும் அறிவை எம்பெருமான் அருள்வானாக.