மீனுக்கு மீனிடல்

திருக்கோயிற் குளத்தின் படித்துறையில் நின்று மீன்களுக்குப் பொரியிடுதல் சோழநாட்டார்க்குப் பழகிய அறமாகும். திருவாரூர்க் கமலாலயம் முதலிய தீர்த்தங்களில் அதனை இன்றுங் காணலாம். இக்காலத்தில் இல்லங்களில் வேறொருவகை மீனூட்டல் நிகழ்கின்றது. அமேசான் ஆற்றுக்குரிய ஆஸ்கார், அரபைமா, வட அமெரிக்க ஆறுகளுக்குரிய அலிகேட்டர் கார் முதலிய ஊனுண்ணி மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, உயிருள்ள சிறுமீன்களை அவற்றின்முன் விடுத்து, அவை துரத்தி விழுங்குதலைக் கண்டு மகிழ்வார் சிலர். இச்செயல் தீவினையாமோ ஆகாதோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

ஆற்றில் விரால் கெண்டையை விழுங்குகின்றது. தொட்டியில் நிகழ்வதும் அதுவேயன்றோ எனின், அற்றன்று. ஆற்றிற் கெண்டைக்கு ஆழமுண்டு, பாசியுண்டு, நாணல்வேர் உண்டு. விரால் பலகாலும் ஏமாறும். தொட்டியில் நாற்புறமுங் கண்ணாடியே. அங்கே இரையைத் தேடுவது விரால். இங்கே இரையைத் தெரிந்து விலைகொடுத்துக் கொணர்ந்து விடுபவன் மனிதன். விரால் தன் உடம்பிற்குரிய பசியால் உண்ணும். நன்று தீதென்று பகுத்தறிதல் அதற்கு விளங்கவில்லை. மனிதனுக்கு அது விளங்கியுள்ளது. ஆகலின், செய்வித்தலும் அதற்கு உடன்பட்டு மகிழ்தலும் அவனுக்கே உரியவாம்.

சிறுமீன் தன் பிராரத்தத்தால் இறக்கின்றது. யான் கருவிமாத்திரமே எனின், அவ்வாறே கொலைஞனுஞ் சொல்லலாம். ஓருயிர்க்கு அதன் வினைப்பயனை ஊட்டுதல் இறைவன் செயல். அதற்குப் பொறுப்பேற்குமாறு நம்மை எவரும் ஏவவில்லை. யான் இடுவேன், யான் காண்பேன் என எழும் முனைப்பே ஆகாமியத்திற்கு வித்தாகும். இறைவன் அழித்தலைச் செய்கின்றானே எனின், அச்சங்காரம் பிறவியில் உழன்ற உயிர்களின் இளைப்பொழித்தற்பொருட்டு. நம்முடையதோ பொழுதுபோக்கின்பொருட்டு.

அதிபத்த நாயனார் நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் மீன்பிடித்தவரல்லரோ எனின், ஆம். அது குடிவழி வந்த பிழைப்பு. அவர்தாம், வலையில் ஒரு மீனே அகப்பட்ட நாளிலும் அதனைச் சிவனுக்கென்று கடலில் விடுத்துப் பட்டினி கிடந்தார். பசித்திருந்தும் மீனை விட்டவரை, பசியின்றி மீனைக் கொல்விப்பார் துணைக்கழைத்தல் பொருந்தாது.

இனி, உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் சித்தாந்தத் துணிபு. தொட்டியின்முன் நின்று, ஓடும் உயிரின் அச்சத்தைச் சுவைத்துப் பழகிய சிறுவன் நெஞ்சு எதன் வண்ணமாம்? இறந்தது ஒரு சிறுமீன். அங்கே தேய்ந்தது ஓருயிரின் இரக்கம். இவ்விழப்பே பெரிது.

முன்னரே இத்தகைய மீனைக் கொண்டவர் செய்யத்தக்கது யாது? பட்டினியிடலாகாது, அடைத்து வைத்தவனே அதற்கு உணவுக் கடனுடையான். ஆற்றில் விடுதலும் அருளன்று. மேட்டூர் நீர் வந்தபின் ஆறும் வாய்க்காலும் வயலும் ஒன்றாய் இணையும் நாடு இது. ஒரு மதகில் விட்டது அங்கேயே நில்லாது. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் சாலக்குடி ஆற்றில் அரபைமா பிடிபட்டது. 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட திலாப்பியா, ஜிலேபிக் கெண்டையென்னும் பெயரால் இன்று நம் குளங்களிற் பல்கியுள்ளது. ஒன்றை விடுவித்துப் பலவற்றிற்குக் கூற்றாதல் இரக்கமாகாது.

இவற்றுட் பலவற்றைச் சிறிது சிறிதாக உலர்தீனிக்குப் பழக்கலாம். பொன்மீன் முதலிய கெண்டையினத்தை ஓயாது உண்பதால் உயிர்ச்சத்து பி1 குறைந்து பெருமீனும் நலியும். இரைமீன்வழி நோயும் பற்றும். ஆகலின் இம்மாற்றம் அதற்கும் நன்று. உலர்தீனியிலும் மீன்தூள் உண்டாதலால் வினை முற்றும் ஒழிந்ததாகாது. துரத்தலைக் கண்டு களிக்குங் களிப்பு மட்டும் ஒழியும். அம்மீன் வாழுமளவும் கடனெனக் காத்து, பின்னர் அத்தொட்டியில் வேறொன்றை அடையாதிருத்தலே முடிந்த வழி.

மீனுக்கு உணவிட விரும்புவார்க்குக் கோயிற்குளம் உண்டு; ஒருபிடிப் பொரியும் உண்டு. அங்கே எவ்வுயிரும் அஞ்சி ஓடுவதில்லை; உண்ண ஓடி வருகின்றது.