வருமுன் காத்தல்

பழுது வந்தபின் அதனை நீக்க முயலுதல் எல்லார்க்கும் இயல்பு. பழுது வாராமுன்னரே, வரும் எனக் கருதி உழைப்பும் பொருளும் செலவிடுதல் சிலர்க்கே இயல்வது. ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றுவோர் பலர். கார்காலத்தின் முன் ஏணி வைத்து ஏறிப் பார்ப்போர் சிலர். குறையொன்றும் காணப்படாத உறுப்பினைக் கழற்றிவிட்டுப் புதியது பூட்டுதல் அறிவுடைமையோ, வீண் அச்சமோ? இவ்வினா சிறிதுபோலத் தோன்றினும், அறிவின் எல்லையையும் ஒழுக்கத்தின் கடமையையும் ஒருங்கே தொடுவதாகலின் ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சிக்குப் பழைய விரைவு மோட்டார் வண்டியொன்றன் எஞ்சின் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஜெர்மனி நாட்டுப் போர்ஷே நிறுவனத்தாரின் 944 என்னும் வண்டி, 1980-களின் தொடக்கம் முதல் 1991 வரை நெக்கார்சுல்ம் நகரத்துத் தொழிற்சாலையில் உருவாயது. அவற்றுள் இறுதியாக வெளிவந்ததற்கும் இன்று முப்பதாண்டிற்கு மேலாயிற்று. அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள. கீழுள்ள கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது, மேலுள்ள கேம் தண்டு ஒருமுறை சுழன்று வால்வுகளை உரிய காலத்தில் திறத்தல் வேண்டும். அவ்விசைவினைக் காப்பது பற்களையுடைய ரப்பர் பெல்ட் ஒன்றே. அஃது அறுமாயின், கேம் தண்டு நின்றுவிடும்; கிராங்க் தண்டோ வேகத்தால் மேலும் சுழலும். திறந்தபடி நின்ற வால்வுகளின்மேல் பிஸ்டன்கள் மோத, வால்வுகள் வளைந்து எஞ்சின் கண்ணிமைப்பொழுதிற் கெடும். பெல்ட்டின் விலை சிறிது. அது விளைக்கும் கேடோ சிலபோது வண்டியின் விலையையே விழுங்கும்.

இனி, அப்பெல்ட்டின் இயல்பு நோக்கத்தக்கது. பிரேக் கட்டை தேயுங்கால் கிறீச்சிட்டு அறிவிக்கும். ஆயில் குறையின் விளக்கு எரிந்து காட்டும். பெல்ட்டோ பெரும்பாலும் ஒன்றும் அறிவிப்பதில்லை. ஓடிய தொலைவால் மட்டுமன்றிக் கழிந்த காலத்தாலும் ரப்பர் முதுமையெய்தும். கொட்டகையில் நின்ற வண்டிக்கும் இது விலக்கன்று. முன்புறத்துப் பழைய சீல்களின் வழியே ஆயில் கசியின் அது விரைவில் நைந்துபோம். வாட்டர் பம்பினைச் சுழற்றுவதும் இப்பெல்ட்டே. ஆதலின் பம்ப் இறுகின் பெல்ட்டும் கெடும். எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் இரு தண்டுகளைச் சுழற்றும் வேறொரு பெல்ட்டும் உண்டு. அஃது அறுந்து இதனிற் சிக்கினும் அதே கேடு விளையும். இவற்றையெல்லாம் உணர்ந்த தொழிலாளர், குறித்த தொலைவு, குறித்த ஆண்டு என்னும் இரண்டனுள் எது முந்துமோ அதனைக் கொண்டு பெல்ட்டுகளை மாற்றுவர். அப்பொழுதே உருளைகளையும் சீல்களையும் பம்பினையும் ஆராய்வர்.

“கண்ணாற் கண்ட பழுதையே நம்புவேம்; காணாத பழுதிற்குப் பொருள் செலவிடேம்” என்பார் உளர். காட்சியொன்றே அளவையெனக் கொண்டார் கூற்று இது. அறுதற்கு முதல்நாள் வரை பெல்ட் நன்றாகவே தோன்றுமாகலின், காட்சி ஈண்டுப் பயன்படாது. அத்தகைய பெல்ட்டுகள் பலவும் காலத்தால் நைந்தமை கண்டு இதுவும் நையும் எனத் துணிவது கருதல். அதன் காலவரையறையைச் செய்தோரும் பழகினோரும் கூறக் கொள்வது உரை. இவ்விரண்டையும் தள்ளுவோன் தன் வண்டிக்கு மட்டும் காரணகாரிய நியதி இல்லையென்பானை ஒப்பன்.

அற்றேல், “கழற்றிய பெல்ட் இன்னும் ஈராண்டு உழைத்திருக்கக்கூடுமே, மாற்றியது நன்றென்பதற்குச் சான்று யாது?” எனின், சான்று இல்லை என்பதே விடை. வருமுன் காப்போன் தான் தவிர்த்த கேட்டினை ஒருகாலும் காணான். அவன் செயலுக்கு வாழ்த்துமில்லை, வெற்றியுமில்லை. ஆயினும் ஒரு செயலின் தகுதி, செய்யும் பொழுதிருந்த அறிவால் அளக்கப்படுவதன்றி, பின் நிகழ்ந்த வாய்ப்பால் அளக்கப்படுவதன்று. மாற்றாது தப்பினவன் நற்பேறு பெற்றானாவனேயன்றி அறிவுடையனாகான்.

அங்ஙனமாயின் எல்லா உறுப்பையும் அடிக்கடி மாற்றுக எனின், அதுவும் குற்றமே. நன்கமைந்ததைக் கழற்றுந்தோறும் புதுப்பழுது புகுதற்கு வழியுண்டு. ஒரு பல் தவறிப் பூட்டினும் எஞ்சின் செவ்வனே ஓடாது. மிக இறுக்கிய பெல்ட் பம்பின் பேரிங்கைக் கெடுக்கும், மிகத் தளர்த்தியது பல் தாவும். அவ்விறுக்கத்தை அளத்தற்கென்றே தனிக் கருவி உளது. ஆதலின் முன்னறிவித்துக் கெடும் உறுப்பிற்கு அவ்வறிவிப்பை நோக்கியிருத்தலும், அறிவியாது பெருங்கேடு விளைப்பதனை முந்துற மாற்றுதலுமே அளவாம்.

“அழியும் பொருளை இத்துணைப் பேணுதல் பற்றன்றோ?” என்னும் கடாவும் நிகழும். பற்றுடையோன் தன் பொருள் அழியுமென்பதை எண்ணவும் பொறான். அதனாலேயே திறந்து பாரான். காலங்குறித்து மாற்றுவோனோ அதன் அழிவினை ஒப்புக்கொண்டே செயல்புரிகின்றான். மேலும் பழைய வண்டி ஒருவன் கையில் நின்றொழிவதன்று. பலர் கைமாறி வந்தது, இனியும் மாறுவது. இன்று உடையோன் இடைக்காலத்துக் காவலனே.

இவ்விடத்தே உண்மையான அறக்கேள்வி எழுகின்றது. பெல்ட் பல்லாண்டாக மாற்றப்படாமையை அறிந்தவன், அதனைச் சொல்லாது வண்டியை விற்கின்றான். வாங்குவோன் கேட்கவில்லை, ஆகலின் பொய் கூறிற்றிலேன் என்று அமைதி கொள்கின்றான். அவ்வமைதி பொருந்தாது. பெல்ட்டின் அகவையைக் கண் காட்டாது. அதனை மாற்றிய நாளும் அன்று ஓடியிருந்த தொலைவும் உடையவன் உரையாலன்றி விளங்கா. உரையே அளவையாய இடத்து, அறிந்தவன் வாய்மூடுதல் பொய்யுரைத்தலோடு ஒக்கும். விரைந்தோடும் நெடுஞ்சாலையில் எஞ்சின் திடுமென நிற்பின், அப்பொய்யின் விலையை அதனை அறியாதார் உயிரும் செலுத்த நேரும். ஆதலின் பேணுதலின் நிறைவு, புதிய பெல்ட்டைப் பூட்டுவதோடு முடியாது. செய்ததனைக் குறித்துவைத்துச் செய்யாததனையும் மறையாது சொல்லும்போதே முடியும் என்க.

மனிதன் குணத்திலும் இவ்விருவகைக் குறைகள் உள. சினம் முகத்திற் தோன்றி முன்னறிவிக்கும். உள்ளே மெல்ல நையும் வாய்மை யாதும் அறிவிப்பதில்லை, அறும்பொழுதே அறியப்படும். ஓசையில்லாத குறைகளையே முந்தி ஆராய்தல் கடனென்பது இதனாற் பெறப்படும்.