வண்டி போன பிறகு



இந்த வாரம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம் ரப்பீஸ். சிரிக்க வேண்டாம். கொத்தனாரும் சித்தாளும் அந்தப் பெயரால் சொல்லுகிற உடைந்த செங்கல், காரை, சிமெண்டுக் கட்டி, தளக்கல் துண்டு இவைகளைத்தான் சொல்லுகிறேன். ஒரு சுவரையோ குளியலறைத் தரையையோ இடித்துப் புதுப்பிக்காத குடும்பம் நம் பங்கில் அரிது. இடித்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "வண்டிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்பீர்கள். எங்கே கொண்டுபோனான் என்று கேட்டால் மறுமொழி இராது. என்னிடமும் இருக்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்ற சித்திரை மாதத்தில் மண்டபத்தை ஒட்டிய பழைய சமையற்கட்டை இடித்தோம். இடித்ததை அப்புறப்படுத்த இருவர் விலை சொன்னார்கள். ஒருவர் லோடுக்கு 2,200 ரூபாய் கேட்டார்; மாநகராட்சி குறித்திருக்கும் இடத்தில் கொட்டி ரசீது கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். மற்றவர் 900 ரூபாய் கேட்டார். ரசீதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குப் பணத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறேன் என்ற திருப்தியோடு இரண்டாமவரிடமே வேலையை ஒப்புவித்தேன். ஆறு லோடு. இரவோடு இரவாக இடம் துப்புரவாயிற்று.

ஆடி மாதத்தில், ஓடைக்கரைத் தெருவில் நோயாய்க் கிடந்த ஒரு மூதாட்டிக்கு நன்மை கொடுக்கப் போனேன். அவர் வீட்டுப் பின்புறத்தில், மழைநீர் ஓடைக்குள்ளேயே, கல்லும் காரையும் ஒரு சிறு மேடாகக் கிடந்தன. நடுவில் ஒரு சிமெண்டுத் துண்டு. அதிலே 1961 என்று எழுதியிருந்தது. நம் சமையற்கட்டு வாசலுக்கு மேலே அறுபது வருஷத்துக்கு மேலாக நாம் பார்த்துக்கொண்டிருந்த அதே எழுத்து. "இது உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்று கேட்டேன். "தெரியும் சாமி. கோயில் கல்லாச்சே, எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்துட்டேன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திராது.

ஆகவே கேள்வி இதுதான். அந்தக் கல் இப்போது யாருடையது?

நம் ஆலோசனைச் சபையில் இதை எடுத்துச் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கிற ஒரு பெரியவர், "கூலி கொடுத்தோம், அவன் வாங்கிக்கொண்டான். அதற்குப் பின் பொருளும் அவனுடையது, பாவமும் அவனுடையது" என்றார். இது அற்பமான வாதமல்ல. உடைமையாளன் கைவிட்ட பொருள் அதை முதலில் எடுப்பவனைச் சேரும் என்று குருமடத்தில் நாங்கள் படித்த நன்னெறி நூல்களும் கூறுகின்றன. நான் வீசி எறிந்த பழைய குடையை ஒருவன் எடுத்துக்கொண்டால் அது அவனுடைய குடை. ஆனால் அந்தச் சட்டம் எடுப்பதற்கு ஆள் இருக்கும் பொருளுக்கு உரியது. நிலையும் கதவும் இரும்புக் கம்பியும் அப்படித்தான் போயின; பழைய மரக்கடைக்காரர் விலை கொடுத்தே வாங்கிப்போனார். காரைக் கட்டியை யார் விரும்பி எடுப்பார்? வண்டிக்காரர் அதை ஒருமணி நேரங்கூடத் தம்முடையதென்று வைத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கும் வேண்டாத பொருளைக் கைவிட்டேன் என்று சொன்னால், மற்றொருவர் தலையில் வைத்தேன் என்பதே அதன் அர்த்தம். இங்கே அந்தத் தலை ஒரு நோயாளி விதவையுடையது.

"ஓடையில் கொட்டு என்று நீங்கள் சொல்லவில்லையே சுவாமி" என்றும் சிலர் ஆறுதல் கூறினார்கள். சொல்லவில்லை. ஆனால் 900 ரூபாயில் டீசலும் ஏற்றும் ஆட்களின் கூலியும் போனால், தூரமாய்ப் போய் முறைப்படி கொட்டுவதற்கு என்ன மிஞ்சும்? அந்தக் கணக்குப் போட எனக்குத் தெரியும். போடாமல் விட்டேன். அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மையே; ஆயினும் தடையில்லாமல் தன் விருப்பப்படி நடப்பதற்காக ஒருவன் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் அறியாமை குற்றத்தைக் குறைக்காது என்று அர்ச். தாமஸ் அக்வினாஸ் போதிக்கிறார். நான் லோடுக்கு 1,300 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் 900 ரூபாய் கொடுத்து அந்த அறியாமையை வாங்கியிருக்கிறேன்.

பலர் சேர்ந்து ஒரு தீங்கைச் செய்தால், அதை ஈடுகட்டும் கடமை யார்மேல் முதலில் விழும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஏவினவன் முதல், ஏவலைச் செய்தவன் அதற்கு அடுத்தவன். வண்டிக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "எங்க கொட்டணும்னு நீங்க சொல்லியிருந்தா அங்க கொட்டியிருப்பேன் சாமி" என்றார். அவர் முற்றும் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் நான் நிற்கிறேன் என்றுதான் சொல்லுகிறேன்.

லேவியராகமம் 14-ம் அதிகாரத்தில் ஒரு விநோதமான சட்டம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் பூசணம் போன்ற கேடு கண்டால் குருவானவரே நேரில் போய்ப் பார்வையிட வேண்டும்; கெட்ட கற்களைப் பெயர்த்து, சுரண்டிய காரையோடு ஊருக்கு வெளியே அதற்கென்று உள்ள இடத்தில் போடுவிக்க வேண்டும்; கேடு திரும்பவும் கண்டால் வீட்டையே இடித்து, கல்லும் மரமும் மண்ணும் அங்கேயே போய்ச் சேர வேண்டும். குருமடத்தில் இதைப் படித்தபோது, இதுவும் குருவின் வேலையா என்று சிரித்தோம். வீட்டை இடிப்பதோடு அந்தச் சட்டம் நின்றுவிடவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் வருஷத்து மத்திய அரசு விதிகள், இடிபாட்டை உண்டாக்குகிறவன் பெரிய கம்பெனியானாலும் சிறு வீட்டுக்காரனானாலும், அதைப் பிரித்து வைத்துக் குறித்த இடத்தில் சேர்ப்பிக்கும் பொறுப்பை அவன்மேலேயே சுமத்தின. சாலையையும் வடிகாலையும் அது அடைக்காதபடி பார்ப்பதும் அவன் கடமையாயிற்று. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை நொறுக்கிச் சலித்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலைகளை மாநகராட்சி அமைத்திருக்கிறது. போக இடமில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இவ்வளவு கல்லா என்று மலைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 9 அங்குலச் சுவர், 10 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 75 கன அடி. எடை ஏறக்குறைய 4 டன். இடித்துக் குவித்தால் இடத்தை ஒன்றரை மடங்கு அடைக்கும். நம் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புச் சுவரை இடித்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். அதைத் தட்டிச் சுத்தம் செய்து மறுபடி கட்டினார்கள், உடைந்ததை ஜல்லியாக்கி மொட்டைமாடித் தளத்துக்குப் போட்டார்கள். சிமெண்டுக் கலவை செங்கல்லை விடுவதில்லை. கல் உடையுமே தவிரப் பூச்சு பிரியாது. அதனால்தான் நம் காலத்து வீடுகள் இடிபடும்போது இவ்வளவு கழிவு சேருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு வைத்திருப்பவர்கள் அதை ஒருபோதும் அடித்து உடைக்க வேண்டாம்; அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் மூச்சோடு உள்ளே போனால் வெகு வருஷங்களுக்குப் பின்னும் புற்றுநோயை உண்டாக்கவல்லது. நனைத்து, முழுசாக இறக்கி, மற்ற இடிபாட்டோடு சேர்க்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி ஓடையைப் பற்றி. அதன் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் விழுந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலோடு சேருகிறது. 2022-ல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் ஓரங்களில் லோடு லோடாகக் கொட்டப்பட்டது மட்டும் வெகு காலமாக நடந்துவந்த வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் ஓடைக்கரைத் தெருவார் மறக்கவில்லை. கல் இலைகுப்பைபோல் மட்கிப் போகாது, நீரோடு மிதந்தும் போகாது. கிடந்த இடத்திலேயே கிடந்து வண்டலையும் பிளாஸ்டிக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்கு இரண்டு மாதங்கூட இல்லை.

தெரு குறுகலானபடியால் ஜேசிபி உள்ளே நுழையாது. கையால்தான் வார வேண்டும். கூலியும் வண்டியும் ஆலைக் கட்டணமுமாக ஏறக்குறைய 26,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். முதலில் நாம் மிச்சம் பிடித்தது 7,800. இதைப் புதிய சமையற்கட்டு நிதியிலிருந்து எடுக்க ஆலோசனைச் சபையார், அந்தப் பெரியவர் உட்பட, சம்மதித்திருக்கிறார்கள். ஆகையால் சமையற்கட்டு புரட்டாசித் திருநாளுக்கு முடியாது. திருநாள் விருந்தைப் பந்தலில்தான் சமைக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே நன்கொடை கொடுத்தவர்களில் யாருக்காவது இது சரியல்ல என்று தோன்றினால் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவர்கள் தொகையைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் குறையை என் கையிலிருந்து நிரப்புகிறேன்.

வேலை வருகிற திங்கட்கிழமை காலை பூசைக்குப் பின் 7 மணிக்குத் தொடங்கும். வண்டிக்காரர் தம் டிராக்டரை அன்று வாடகையில்லாமல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வரக்கூடியவர்கள் மண்வெட்டியும் பாண்டும் கொண்டு வாருங்கள். கண்ணாடித் துண்டு கிடக்கிறபடியால் ரப்பர் செருப்போடு வர வேண்டாம். சிறுவர்களை அனுப்பவும் வேண்டாம். 1961 என்று எழுதிய துண்டை மட்டும் டிராக்டரில் ஏற்றாமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.