தராசும் பற்றுப் புத்தகமும்

வாணிகத்தில் நியாயம் என்பது யாது? விற்பவன் குறையாமற் கொடுத்தலா, வாங்குபவன் மிகையாகக் கேளாதிருத்தலா, அன்றி இவ்விருவர்க்கும் மேலாக அரசு நின்று ஒரு விலையை வகுத்து அதற்குக் காவல் இருத்தலா? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை அவ்வூர் வணிகரின் நேர்மையை வியந்து பேசுகின்றது. வள்ளுவனார் நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிகரை மறந்தாரில்லை. துலாக்கோலையே சான்றோர்க்கு உவமையாக்கினார். புலவர்கள் வணிகர்தம் மனச்சான்றை நம்பினர். அரசர்களோ அவ்வளவு நம்பினாரில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுக்கள், பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும் நெல்லை அப்பெயரே கொண்ட மரக்காலாலும் அளந்தமையைக் குறிக்கின்றன. ஆண்டவன் பெயரை அளவைக்கு இட்டது பக்தியினாலா, அளப்பவன் அஞ்சட்டும் என்னும் யுக்தியினாலா என்பதை ஆராய்ச்சியாளர் கூறட்டும். ஆயுதபூசையன்று தராசுக்குச் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டி, மறுநாட் காலையில் அதே தராசின் தட்டை விரலால் அழுத்துவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

ஈப்போ சந்தையில் முற்காலத்தில் வழங்கிய டாச்சிங் என்னும் வெள்ளிக்கோலை முதியோர் நினைவிற் கொண்டிருப்பர். ஒரு கோல், ஒரு முனையிற் பொருள் தொங்கும், மறுபுறம் நூலிற் கட்டிய குண்டு நகரும். குண்டு நிற்குமிடத்துக் கோலிலே பொறித்த புள்ளிகளை எண்ணினால் நிறை தெரியும். 16 தாயில் ஒரு கட்டி. 100 கட்டி ஒரு பிக்குள். கோலைப் பிடிப்பவன் விற்பவன். குண்டை நகர்த்துபவனும் விற்பவன். புள்ளியைப் படிப்பவனும் அவனே. வாங்குபவள் காண்பது கோல் சற்றே மேலெழுந்து நிற்கும் அழகை மட்டும். அக்காட்சியில் அவள் மகிழ்ந்து போவாள். மலேசிய நாட்டில் 1972ஆம் ஆண்டின் நிறுத்தல் அளத்தற் சட்டம் அளவைகளை மெட்ரிக் முறைக்குத் திருப்பிற்று. இன்று சந்தைகளில் எண் காட்டும் தராசுகள் இருக்கின்றன. ஆயினும் கட்டி என்னும் சொல் நாவினின்று இன்னும் அகன்றபாடில்லை.

இப்பொருள் பற்றி ஆங்கில நாட்டுப் பழைய நகரச் சந்தைகள் நமக்குச் சொல்லுவன பல. 1215இல் அந்நாட்டு மன்னன் ஜான் முத்திரையிட்ட மகாசாசனத்திலேயே, நாடு முழுதும் திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் துணிக்கும் ஒரே அளவு இருத்தல் வேண்டும் என்னும் விதி உண்டு. ஏறக்குறைய 1266இல் ரொட்டிக்கும் மதுவுக்கும் ஒரு கட்டளை பிறந்தது. அதில் ஒரு விந்தை உண்டு. ரொட்டியின் விலை மாறாது. கோதுமையின் விலை ஏறினால் ரொட்டியின் எடை குறையும், இறங்கினால் எடை கூடும். எவ்வளவு குறையலாம் என்பதைச் சட்டமே கணக்கிட்டு வைத்தது. குறை நிறையில் விற்றவனைக் கழுத்தும் கையும் பலகையிற் பூட்டி, சந்தை நடுவே நிறுத்தினர். இன்று பிஸ்கட்டுப் பொட்டலம் விலை மாறாமல் உள்ளே இளைத்துக்கொண்டே போவதை நாம் காண்கின்றோம். ஆயின் எவ்வளவு இளைக்கலாம் என்பதற்கு இப்போது அத்தகைய அட்டவணை யாதும் இல்லை, பலகையும் இல்லை.

அச்சந்தைகளுக்கு மணி உண்டு. மணி அடிக்குமுன் ஒருவனும் விற்றலாகாது. முதலில் ஊரார் தம் வீட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். பின்னரே மொத்த வியாபாரி வரலாம் என்று பல ஊர்களில் விதித்திருந்தனர். சந்தைக்கு வரும் வண்டியை வழியிலேயே மறித்து வாங்குதல் குற்றம். வாங்கியதை அதே சந்தையில் விலையேற்றி விற்றல் குற்றம். பதுக்கி வைத்தலும் குற்றம். வெளியூரிலிருந்து நடந்து வந்த வணிகரின் வழக்கைத் தீர்க்க, அவர் கால்களில் ஒட்டிய புழுதியின் பேராலேயே 'புழுதிக்கால் மன்றம்' என்று பொருள்படும் ஒரு நீதிமன்றம் இருந்தது. அவர் ஊர் திரும்புமுன் தீர்ப்புக் கூற வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிரிஸ்டல் நகரத்து மன்றம் பெயரளவிலேனும் 1971 வரை நிலைத்திருந்தது என்றால் வியப்பன்றோ!

இவ்விதிகளையெல்லாம் பொன்னுலகம் என்று நாம் மயங்கிவிடலாகாது. விதியை நடத்தியவர் அவ்வூர்ப் பெரிய மனிதர். அவருட் பலர் தாமே வணிகர். அயலூரானுக்கு ஒரு நீதி, உள்ளூரானுக்கு ஒரு நீதி நடந்ததும் உண்டு. ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில், வழிமறித்து வாங்குவோரிடம் மக்கள் கொண்ட அச்சத்தைச் சூனியக்காரரைப் பற்றிய அச்சத்தோடு ஒப்பிட்டு நகைத்தார். பதுக்குபவன் தன் இலாபத்துக்காகப் பதுக்கினும், பஞ்சம் முற்றும்போது அந்தத் தானியமே ஊரைக் காக்கும் என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசிக்கு அலைந்த மலாயாத் தமிழரிடம் அவர் இதைச் சொல்லியிருப்பின் என்ன விடை பெற்றிருப்பாரோ! பதுங்கிய அரிசி வெளிவந்தது உண்மை. எவ்விலைக்கு வந்தது, யார் வீட்டுக்குப் போனது என்பதன்றோ கேள்வி! போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், இந்நாட்டில் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோன்றிற்று. அது 2011இல் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டமாகப் புத்துருப் பெற்றது. தீபாவளி வருங்கால் சில பொருள்களுக்கு அரசாங்கம் உச்ச விலை விதிக்கும் வழக்கமும் உண்டு.

இதுகாறும் கூறியது நகரத்தைப் பற்றியது. நம்மவரிற் பெரும்பாலோர் நகரத்தில் வாழ்ந்தவரல்லர். அவர் சந்தை எது?

தோட்டக் கடையே அவர் சந்தை. ரப்பர்த் தோட்டத்தின் லயத்துக்கு அருகில், கள்ளுக்கடைக்குச் சிறிது தூரத்தில், தகரக் கூரையிட்ட ஒரே கடை. முற்காலத்தில் ஆள் கட்டி வந்த கங்காணியே பல தோட்டங்களிற் கடையும் வைத்திருந்தார். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு பெற்றவர், அத்தலையினுடைய வாய்க்கும் அரிசி விற்றார். ஒரு கையால் ஆளை எண்ணி, மறு கையால் அரிசியை நிறுத்தார். 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக மலாயாவின் முக்கியப் பகுதிகளில் நிருணயிக்கப்பட்ட காலத்தில், அக்கூலியின் பெரும்பகுதி சம்பள நாளன்றே கடைக்குத் திரும்பிற்று. ஆங்கில நாட்டில் கூலிக்குப் பதிலாகப் பண்டம் கொடுப்பதை 1831இலேயே சட்டத்தால் தடுத்தனர். இங்கே 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், முதலாளி தோட்டத்திற் கடை வைக்கலாம், ஆயின் அங்கேதான் வாங்க வேண்டும் என்று எத்தொழிலாளியையும் கட்டாயப்படுத்தலாகாது என்று கூறிற்று. நல்ல சட்டம். ஆனால் பட்டணத்துக்குப் பத்து மைல், பஸ்ஸுக்குக் காசு, கையில் ரொக்கமோ இல்லை. சட்டம் நீக்கிய கட்டாயத்தைத் தூரமும் வறுமையும் மீட்டும் கொண்டுவந்து வைத்தன.

என் இளமை 1960களில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்திற் கழிந்தது. எங்கள் பற்றுப் புத்தகம் நீல அட்டை போட்டது. அது கடையிலேயே இருக்கும். சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், டின் பால் என்று கடைக்காரர் எழுதுவார். என் தாயார் எழுத்தறியார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஏறிய செருக்கில் ஒரு நாள் நான் அப்புத்தகத்தைப் புரட்டினேன். நாங்கள் வாங்கியது இரண்டு டின் பால்; எழுதியிருந்தது மூன்று. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்; திரும்பவில்லை. "வாயைத் திறந்துவிடாதே தம்பி. மழைக்காலத்தில் நமக்கு அரிசி போடுவது அவர்தானே," என்றார்.

அச்சொல்லை அன்று கோழைத்தனம் என்று எண்ணினேன். பல்லாண்டுகள் கழித்தே அதிலுள்ள கணக்கு எனக்கு விளங்கிற்று. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி சுருங்கும். அம்மாதத்தில் பாங்கி எங்களுக்குக் கடன் தராது. வட்டிக் கடைக்கு ஈடு வைக்கப் பொருளில்லை. கடைக்காரர் ஒருவரே, எவ்வித ஈடுமின்றி, முகத்தைப் பார்த்து அரிசி நிறுத்துக் கொடுத்தார். இரவோடிரவாகத் தோட்டம் மாறிப் போனவர்கள் வைத்துச் சென்ற கடனும் அவர் தலைமேல்தான் விழுந்தது. அம்மூன்றாவது டின் பால் திருட்டா, அல்லது ஒருவரும் வாய்விட்டுப் பேசாத வட்டியா? வட்டியே எனின், இவ்வளவு என்று அவர் முன்னரே சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் அம்மா ஒப்புக்கொண்டிருப்பார். சொல்லாது எழுதியதிலேதான் அநீதி இருக்கிறது என்பது என் துணிபு. விலை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அவ்விலை இருவர் கண்ணுக்கும் தெரிந்ததா என்பதே நியாயத்தின் முதற்கேள்வி. பழைய ஆங்கிலச் சந்தையின் மணியும் பலகையும் இதற்காகவே இருந்தன: வாணிகம் ஒளியில் நடக்கட்டும் என்பதற்காக.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. நாமும் விற்பவரே. சிறு தோட்டம் வைத்திருப்பவர் கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றி, உரிமம் பெற்ற ரப்பர் வியாபாரியிடம் கொண்டுபோவார். அதில் நீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதை வியாபாரி கண்ணாலும் கையாலும் மதிப்பிட்டுக் கழிப்பார். பெரிய தோட்டத்திலோ மெட்ரொலாக் என்னும் மிதவைக் கருவி பாலின் செறிவைக் காட்டும். அதனைப் படிப்பவர் கிராணியார். இரண்டிடத்தும் புள்ளியைப் படிப்பவர் எதிர்த்தரப்பாரே. அதனாலன்றோ சிலர் கட்டிப்பாலில் மரப்பட்டையும் மண்ணும் சேர்த்தனர்! வியாபாரி அதையறிந்து எல்லோர்க்கும் சேர்த்துக் கழித்தார். கலப்படம் செய்யாதவனும் கலப்படத்தின் தண்டத்தைக் கட்டினான். அளவை ஒருவர் கையில் மட்டும் இருக்குமாயின், இருபுறத்தாரும் கெடுகின்றனர். அவர்களுள் முதலிற் கெடுபவன் நேர்மையானவன். பிறன் ஏமாற்றுகிறான் என்பதற்காக நான் மண் சேர்க்கலாமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்வேன். ஆனால் பசித்தவனிடம் அதைச் சொல்லும்போது என் குரல் உரத்து எழாது.

1844ஆம் ஆண்டு இவ்வகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டிலேதான் ஆங்கிலப் பாராளுமன்றம் வழிமறித்தல், விலையேற்றி விற்றல் முதலிய பழைய சந்தைக் குற்றங்களை அறவே நீக்கிற்று. அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ராச்டேல் என்னும் நெசவு ஊரில் 28 தொழிலாளர் தம் காசைத் திரட்டி ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, இவ்வளவே சரக்கு. கலப்படமில்லாப் பண்டம், நேரான நிறை, கடனில்லை என்பன அவர்கள் கொள்கை. அரசு கைவிட்ட காவலைத் தொழிலாளர் தாமே எடுத்துக்கொண்டனர். நம் நாட்டிலும் கூட்டுறவுச் சிக்கனச் சங்கங்கள் 1920களிலேயே தோட்டங்களில் முளைத்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, அவர்களுடைய சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். ஆயினும் ராச்டேல் விதிகளிலே கடனில்லை என்பது மட்டும் என் மனத்தை உறுத்துகின்றது. என் தாயார் அக்கடையில் மழைக்காலத்து அரிசி வாங்கியிருக்க முடியாது. நேரான தராசு எல்லோர்க்கும் பொது. ஆனால் ரொக்கம் உள்ளவனே அதன் முன் நிற்க முடியும். அதனால்தான் சேமிப்புச் சங்கமின்றிக் கூட்டுறவுக் கடை மட்டும் தனித்து நின்று ஏழையைக் காவாது என்கிறேன்.

இன்று பேராக்கில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் வீழ்ந்து செம்பனை எழுந்துவிட்டது. நம்மவர் புந்தோங்குக்கும் பிற புறநகர்களுக்கும் குடியேறிவிட்டனர். விலைச் சீட்டு ஒட்டப்படாத பொருளைப் பற்றி முறையிட அலுவலகம் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் ரொக்கம் போதாத வீடும் உண்டு; அதன் வாயிலில் இப்போது நிற்பவன் உரிமமில்லா வட்டிக்காரன். அவன் கணக்கை எழுதுவது அவன் கைப்பேசியில்.

அந்த நீல அட்டைப் புத்தகத்துக்கு வருகிறேன். அம்மாவின் சொல்லை நான் மீறவில்லை. கடைக்காரரை ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டில் மிஞ்சிய தாள்களைத் தைத்து, நானும் ஒரு புத்தகம் செய்தேன். வாங்கிய பொருளைக் கடைப் பலகைமேல் வைத்தே பென்சிலால் எழுதுவேன். முதல் நாள் அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அம்மா அன்றிரவு என்னைக் கடிந்துகொண்டார். கடன் நின்றுபோகும் என்று அஞ்சினார். கடன் நிற்கவில்லை. அம்மாதம் முதல் இரு புத்தகமும் ஒத்து வந்தன. சில மாதங்கள் சென்றபின் ஒரு நாள், கூட்டம் நிறைந்த சம்பள மாலையில், அவர் தம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, மண்ணெண்ணெய் எத்தனை போத்தல்? எனக்கு நினைவில்லை, உன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்," என்றார். நான் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார்.