மோதியதா, விழுந்ததா?

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போகிறவர்கள் உப்புவெளியில் ஒரு சவக்காலையைக் கடந்துதான் போகிறார்கள். கடற்கரை விடுதிக்குப் போகிற அவசரத்தில் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்ட பிரித்தானியப் படையினருக்கான மயானம் அது. கல்லில் பெயர் இருக்கிறது. பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் இருக்கின்றன. எப்படிச் செத்தார் என்பது மட்டும் இல்லை. எதிரியை விரட்டிப் போனபோதா, ஓடுபாதையைத் தவறவிட்டா, மலேரியாக் காய்ச்சலிலா என்று கல் வாய் திறப்பதில்லை.

குடாவின் மறுபக்கம், சீனன்குடாவில் கதை நேர்மாறு. அங்கே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் இன்று 99 நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒன்று எரிந்து நெளிந்து கிடக்கிறது. அதைக் காட்டுகிறவர்கள் கதையைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: 1942இல் மூன்று ஜப்பானியர் தங்கள் விமானத்தை வேண்டுமென்றே இந்தக் குதத்தின் மேல் மோதினார்கள், தீ ஏழு நாள் எரிந்தது. யார் செத்தார்கள் என்பதோடு கதை நிற்பதில்லை. சாகும் கணத்தில் என்ன நினைத்தார்கள் என்பதுவரை போகிறது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. நான்கு நாள் முன்பு, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இப்போது கிழக்குக் கரைக்கு வந்திருந்தன. முந்தின நாளே எச்சரிக்கை கிடைத்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. சீனன்குடாவிலிருந்து பிரித்தானிய 261ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பி எதிர்த்தன. இரண்டு பக்கத்திலும் விமானங்கள் விழுந்தன. துறைமுகத்தில் ‘சகாயிங்’ என்ற சரக்குக் கப்பல் எரிந்தது. அதன் உடலை இலங்கைக் கடற்படை 2018இல்தான் அடியிலிருந்து மேலே கொண்டுவந்தது. துறைமுகத்திலிருந்து தப்பிப் போன பிரித்தானிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கியும் தப்பவில்லை. தன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில் அது மட்டக்களப்புக் கடலில் மூழ்க, முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இத்தனை குழப்பத்தில் ஒரு குதம் பற்றியது. அதை ஒரு மனிதனின் தீர்மானம் என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும்?

காமிகசே என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்குவதால் கதை எளிதில் நம்பப்படுகிறது. ஆனால் மோதிச் சாவதையே கட்டளையாகக் கொண்ட அந்தப் படையணிகள் பிலிப்பைன்ஸில் உருவானது 1944 அக்டோபரில், திருகோணமலைத் தாக்குதலுக்கு இரண்டரை ஆண்டு கழித்து. அதற்கு முன்னர் தனி மனிதர்கள் அப்படிச் செய்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பேர்ள் துறைமுகத் தாக்குதல் நாளில், 1941 டிசம்பர் 7இல், புசாட்டா ஈடா என்ற விமானி கனியோஹே தளத்தின் மேல் எரிபொருள் தாங்கியில் சூடு வாங்கினார். திரும்பிப் போக எண்ணெய் போதாது என்று சைகை காட்டிவிட்டுக் கீழ்நோக்கிப் பாய்ந்ததாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். குறிபார்த்து வந்தாரா, கட்டுப்பாடு இழந்து வந்தாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பார்த்த சாட்சிகள் இருந்த இடத்திலேயே இந்த நிலை.

திருகோணமலைக்கு வந்த மூவர் விமானத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். ‘கேட்’ என்று நேச நாட்டினர் பெயரிட்ட அந்த நாகஜிமா குண்டுவீச்சு விமானத்தின் நீண்ட கண்ணாடிக் கூட்டுக்குள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். முன்னால் விமானி, நடுவில் வழிகாட்டிக் குறிபார்ப்பவர், கடைசியில் வானொலியையும் துப்பாக்கியையும் கவனிப்பவர். விமானத்தைத் திருப்பும் தண்டு முதல் ஆளின் கையில். கதை உண்மையென்றே வைத்துக்கொள்வோம். விமானி முடிவெடுத்தார், பின்னாலிருந்த இருவர்? சம்மதித்தார்களா, கத்தினார்களா, அதற்குமுன்பே சூடுபட்டு இறந்திருந்தார்களா? விமானியே தண்டின்மேல் பிணமாய்ச் சரிந்திருந்தால் விமானம் எங்கே போகும்? தியாகம் என்ற பட்டத்தை மூவருக்கும் சரிபங்காகக் கொடுக்கும் கதை, அவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அவர்களுடைய மனத்தைப் பறித்துக்கொள்கிறது.

உடைந்த இரும்பு எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு லிபியப் பாலைவனத்தில் ஒரு சாட்சி கிடைத்தது. 1943 ஏப்ரல் 4இல் மத்தியதரைக் கடல் ஓரத்துச் சுலூக் தளத்திலிருந்து நேப்பிள்ஸ் மீது குண்டுவீசக் கிளம்பிய ‘லேடி பி குட்’ என்ற அமெரிக்க விமானம் இரவில் தளத்தைத் தாண்டிப் பறந்து தொலைந்தது. 1958இல் எண்ணெய் தேடியவர்கள் கரையிலிருந்து சுமார் 700 கிலோமீற்றர் உள்ளே அதை மேலிருந்து கண்டார்கள். வயிறு மணலில் பட வழுக்கி, நடுவில் முறிந்ததோடு நின்றிருந்தது. உள்ளே தண்ணீர் இருந்தது, வானொலி வேலை செய்தது. கைதேர்ந்த விமானி ஒருவர் நிதானமாக இறக்கியிருக்கிறார் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். இறக்கியது யாரும் இல்லை. ஒன்பது பேரும் முன்பே பாரசூட்டில் குதித்துவிட்டிருந்தார்கள். ஆளற்ற விமானம் தானாக இறங்கியது. உள்ளே ஒரு பாரசூட்டும் இல்லாததுதான் துப்பு. குதித்தவர்களில் எட்டுப் பேர் கடல் பக்கத்தில் என்று நம்பி வடக்கே நடந்தார்கள். கடலில் மிதப்பதற்கான மேலங்கிகளை வழிநெடுக மணலில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவரும் மீளவில்லை.

எண்ணமே இல்லாத இடத்தில் எண்ணம் தெரிகிறது என்றால், எரிந்த குதத்தில் எதைப் படிக்க முடியும்?

இதை வரலாற்றாசிரியர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. சமயங்களின் பழைய வழக்கு இது. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் புத்தரும் சமணரும் மோதுவது இதில்தான்: உடலால் செய்தது பெரிய வினையா, மனத்தால் செய்தது பெரிய வினையா? சமணர் உடல் என்கிறார்கள், புத்தர் மனம் என்கிறார். தமிழில் சமணக் காப்பியமான நீலகேசி புலாலுணவை முன்வைத்துப் பௌத்தரோடு இதே வழக்கை மறுபடி ஆடுகிறது. கிறிஸ்தவத்தில் அகுஸ்தீன் தற்கொலையைக் கண்டிக்கும்போது சிம்சோன் குறுக்கே வருகிறார், எதிரிகளோடு சேர்த்துத் தன்மேலும் மண்டபத்தை இடித்துத் தள்ளியவர். அவருக்குக் கடவுளின் இரகசியக் கட்டளை உள்ளே கிடைத்திருந்தது என்று சொல்லி அகுஸ்தீன் அவரை விடுவிக்கிறார். விடுதலைக்கான சான்று வெளியில் யாருக்கும் காட்ட முடியாதது என்பதை அவர் அறியாமலிருக்க முடியாது.

இஸ்லாம் இதில் கறார். புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸே நிய்யத்தை, அதாவது எண்ணத்தைப் பற்றியது. ஆனால் அதே மரபில் உசாமா பின் ஸைத் பற்றிய செய்தியும் உண்டு. போர்க்களத்தில் கலிமா என்ற விசுவாச உறுதிமொழியைச் சொன்ன எதிரியை, உயிருக்குப் பயந்து சொன்னான் என்று கருதி உசாமா கொன்றுவிட்டார். அவன் நெஞ்சைத் திறந்து பார்த்தாயா என்ற பொருள்படக் கேட்டு நபிகள் நாயகம் அவரைக் கடிந்தார். எண்ணமே எல்லாம், அதைத் தீர்ப்பிடும் அதிகாரம் மனிதருக்கு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் கடினம்.

சைவரின் பெரியபுராணம் இந்தக் கேள்வியை இரண்டு எதிர்முனைகளில் வைக்கிறது. பௌத்தக் கோலத்திலிருந்த சாக்கிய நாயனார் தினமும் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்தார். பார்த்தவர் கண்ணுக்கு அது நிந்தை, அவருக்கு அது பூசை. மெய்ப்பொருள் நாயனாரிடமோ முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்க, சாகப்போகிறவர் தடுத்து, குத்தியவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார். முதல் கதையில் உள்ளம் போதும், வேடம் பொருட்டில்லை. இரண்டாவதில் வேடம் போதும், உள்ளம் கேட்கப்படவே இல்லை. மனிதர் இறந்தவர்மேல் தீர்ப்பு எழுதும் இடத்தில் மெய்ப்பொருளாரின் வழிதான் பொருந்தும். சாக்கியரின் உள்ளத்தைப் படித்தது சிவன், பக்கத்துத் தெருக்காரர் அல்ல.

இன்று பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் எனப்படும் அமைப்பு இந்தப் புராணத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதற்காக 1918இல் வந்த கென்யன் அறிக்கை பதவி, குலம் பாராமல் ஒரே மாதிரிக் கல் என்ற விதியை வகுத்தது. ஒரே விமானத்தில் எரிந்தவர்களைப் பிரித்தறிய முடியாதபோது சேர்த்தே புதைத்தார்கள். தண்டைப் பிடித்திருந்தவர் யார் என்று அங்கே கேள்வி இல்லை. உடல் கிடைக்காத விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சிச் சுவரில் உள்ளன. ஈடாவின் கதையிலும் இதுதான் நடந்தது. தங்கள் தளத்தைச் சுட்டவர் என்று தெரிந்தும், அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தில் அவரையும் இராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். அடக்கம் முடிந்து எண்பது ஆண்டுக்கு மேலாகியும் அவரது நோக்கம் பற்றிய விவாதம் முடியவில்லை.

சீனன்குடாக் குதங்களைப் புதுப்பித்துப் பயன்படுத்த 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன: 14 குதங்கள் இந்தியன் ஒயிலின் இலங்கை நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. எரிந்துபோன குதத்தில் எண்ணெய் ஊற்ற முடியாது. அதை நினைவிடமாக வைப்பதானால் பக்கத்தில் ஒரு பலகை வேண்டிவரும். தேதி, விமான வகை, அதில் எத்தனை பேர் என்பதை எழுதலாம். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை விட்டுவிட்டால் பலகையில் அரை வரி மிச்சமாகும்.